தாபரிப்புக் காசை எந்த வழியில் கொடுப்பது? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு மாதம் எவ்வளவு தாபரிப்பு, அதாவது பராமரிப்புக் காசு, என்றும் கட்டளையாகிவிட்டது. அதற்குப் பிறகு வாசகர்கள் எழுதிக் கேட்பது இதைத்தான்: காசை எப்படிக் கொடுப்பது? கையிலேயே கொடுக்கலாமா, கோட்டில் கட்டுவதா, வங்கியில் போடுவதா, ரியூசன் காசை நானே கட்டினால் போதாதா, ஒரேயடியாக ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாமா? கோண்டாவிலில் இருந்தும் கேட்கிறார்கள், கனடாவின் ஸ்காபரோவில் இருந்தும் கேட்கிறார்கள். காசைப் பெறுகிற தாய்மாரும் கேட்கிறார்கள்.

பார்க்கச் சின்ன விடயம். ஆனால் தீர்ந்த வழக்கு மறுபடி கோடேறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "கொடுத்தேன்" என்று ஒருவர், "வரவில்லை" என்று மற்றவர். சில வேளை இரண்டு பேரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். அப்பா தன் தமக்கையிடம் கொடுத்துவிட்டிருப்பார். தமக்கை இரண்டு கிழமை கழித்து, இடையில் தன் அவசரத்துக்கு எடுத்ததுபோக மீதியைக் கொடுத்திருப்பார். நீதவான் கேட்கிறபோது யாரிடமும் ஒரு துண்டும் இருக்காது.

## முதலில்: உங்களிடம் இருப்பது எந்தக் கட்டளை?

இதைத் தெரியாமல் வழியைத் தெரிவு செய்ய முடியாது. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. பிள்ளைக்கான தொகை அந்தத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கலாம். அல்லது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகத் தாபரிப்பு வழக்கு வைத்து எடுத்த கட்டளையாக இருக்கலாம். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டிலும் தீவகத்திலும் இந்த நீதிமன்றங்கள் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதி நீதிமன்றம்.

நீதவான் கட்டளைக்குப் பல் அதிகம். கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிடியாணையும் வரும். மூன்று மாதம் விட்டுவிட்டு "பிறகு சேர்த்துக் கட்டுவம்" என்று இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னும் இரண்டு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. கடமை வசதியுள்ள பெற்றோர் இருவருக்கும் உண்டு, அப்பாவுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்புறம், 18 வயதோடு எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 18 முதல் 25 வயது வரை, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் கேட்கலாம். ஏஎல் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளை இந்த வயதுக்குள்தான் வரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

சொன்ன திகதிக்குக் காசு போகுமா? கொடுத்ததற்கான சான்று, யாரும் எதுவும் எழுதாமலே உண்டாகுமா? பிரிந்த இருவரும் ஒவ்வொரு மாதமும் முகம் பார்க்க வேண்டி வருமா? கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் வெளியே தெரியாத செலவு என்ன? வேலை போனால், விலை ஏறினால், மாற்ற முடியுமா?

இவற்றில் இரண்டாவதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன். நம்பிக்கை உடைந்த வீட்டில் சான்றுதான் நிம்மதி. மூன்றாவது பிள்ளைக்காக. காசு கைமாறும் நாளில் படலையில் நின்று கேட்கிற சண்டையைப் பிள்ளை மறக்காது.

## கையில் காசாகக் கொடுப்பது

இதைத் தெரிவு செய்பவர்களின் காரணம் எனக்கு விளங்குகிறது. செலவில்லை, அலைச்சலில்லை, பிள்ளையையும் ஒருமுறை பார்க்கலாம். நாட்கூலிக்குப் போகிற மேசனுக்கும் மீன்பிடிக்குப் போகிறவருக்கும் காசு கையில் வருகிற நாள்தான் கொடுக்கிற நாள்.

ஆனால் சான்று என்று பார்த்தால் இது கடைசி வழி. பல வருடம் ஒழுங்காகக் கொடுத்த ஒருவர், ஒரு மனக்கசப்புக்குப் பிறகு ஒன்றுமே கொடுக்காதவராக நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரலாம். அம்மாவுக்கும் இதில் பாதுகாப்பில்லை. இருபதினாயிரத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டாயிரம் தந்துவிட்டு முழுதும் தந்ததாகச் சொன்னால் அவர் எதைக் காட்டுவார்?

வேறு வழியே இல்லையென்றால் ஒரு கொப்பி வைத்திருங்கள். திகதி, எந்த மாதத்துக்கான காசு, தொகை, இருவரின் கையொப்பம். தாயின் கையில் மட்டும் கொடுங்கள். மாமியிடம், தமக்கையிடம், முச்சக்கர வண்டிக்காரரிடம் கொடுத்து விடாதீர்கள்.

பிள்ளையிடம் ஒருபோதும் கொடுத்து விடாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளிக்கூடப் பையில் காசைக் கொண்டுபோய், "அப்பா இவ்வளவுதான் தந்தவர்" என்று சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பாரத்தை அதன் தலையில் ஏற்ற எந்தப் பெற்றோருக்கும் உரிமை இல்லை.

## நீதிமன்றத்தில் கட்டுவது

கட்டளையில் அப்படிச் சொல்லியிருந்தால், குறித்த திகதியில் நீதிமன்றத்தில் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். தாய் அங்கிருந்து பெற்றுக்கொள்வார். பதிவு நீதிமன்றத்திலேயே இருப்பதால் சான்றைப் பற்றி வாதமே வராது. கட்டாவிட்டால் அதுவும் அங்கேயே தெரியும். தாய் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

விலை என்னவென்றால் நேரம். கொடுப்பவருக்கு ஒரு வேலை நாள் போகும். பெறுபவருக்கும் போகும். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்கு அது அரை நாள். நெடுந்தீவில் இருக்கிற தாய் குறிகட்டுவானுக்குப் படகு பிடித்து, அங்கிருந்து பேருந்தில் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். கடல் பெருக்கென்றால் அன்று போகவே முடியாது. தொகை சிறிதாக இருந்தால் போக்குவரத்தும் சாப்பாடும் இழந்த கூலியுமாக அதில் நல்ல பங்கு கரைந்துவிடும். நீதிமன்ற வளாகத்தில் ஒருவரையொருவர் பார்க்கவும் நேரும். சிலருக்கு அது ஒன்றுமில்லை. அடி உதை பட்டு வெளியே வந்த பெண்ணுக்கு அது ஒவ்வொரு மாதமும் ஒரு பயம்.

இருந்தாலும், மற்றவர் முன்பு ஏமாற்றியிருந்தால், அல்லது கொடுத்த காசை இல்லையென்று ஏற்கெனவே ஒருமுறை மறுத்திருந்தால், இதுதான் சரியான வழி. ஒரு வருடம் இப்படிக் கட்டி ஒழுங்கு வந்த பிறகு வங்கிக்கு மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

## வங்கிக் கணக்கில் போடுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதிலும் செய்கிற விதம் உண்டு.

தாய் தன் பெயரில் இதற்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கைத் திறக்கட்டும். சம்பளமும் சீட்டுக்காசும் வெளிநாட்டுத் தம்பி அனுப்புவதும் கலக்காத கணக்கு. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, எது வீட்டுக்குப் பக்கமோ அது. அந்தக் கணக்கின் புத்தகத்தைத் திறந்தால் எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பது வரிசையாகத் தெரியும். இரண்டு பேருக்கும் அதே புத்தகம்தான் சாட்சி.

கொடுப்பவர் தன் வங்கியில் நிலையான கட்டளை, அதாவது ஸ்டாண்டிங் ஓடர், ஒன்று எழுதிக் கொடுத்தால் மாதா மாதம் காசு தானாகப் போகும். திகதியை நீதிமன்றக் கட்டளையில் உள்ள நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பாக வையுங்கள். போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். கணக்கில் போதிய காசு இல்லாவிட்டால் அந்த மாதம் போகவே போகாது, வங்கி உங்களைத் தேடி வந்து சொல்லும் என்றும் நம்ப முடியாது. சம்பளம் விழுகிற கணக்கிலிருந்து, விழுந்த மறுநாளே போகும்படி வைப்பதுதான் பாதுகாப்பு.

கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பவர் தானே அனுப்பலாம். வேறு வங்கிக்கென்றாலும் உடனே போய்ச் சேரும், சிறு கட்டணம்தான். குறிப்பு எழுதுகிற இடத்தில் "தாபரிப்பு, மார்ச்" என்று மாதத்தோடு எழுதுங்கள். பிறந்தநாளுக்கு அனுப்புகிற காசுக்கு "பிறந்தநாள்" என்று எழுதித் தனியாக அனுப்புங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று உங்களுக்கே தெரியாது. இயந்திரத்தில் காசு வைப்பிலிட்டால் வருகிற துண்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில அப்பாமார் பிள்ளையின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்குத் திறந்து அதில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தக் காசைப் பிள்ளைக்கு 18 வயது வரும்வரை பொதுவாக எடுக்க முடியாது. பிள்ளை இன்றைக்குச் சாப்பிட வேண்டும், சப்பாத்து வாங்க வேண்டும். சேமிப்பு வேறு, தாபரிப்பு வேறு.

வங்கி வழி பொருந்தாத இடமும் இருக்கிறது. தாய்க்குக் கணக்கை நடத்தப் பழக்கம் இல்லை, வங்கி தூரம், கணக்குப் புத்தகம் வேறு யாரோ உறவினரின் கையில் இருக்கிறது என்றால் முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும். அதுவரை தபால் கந்தோர் மணி ஓடர் மோசமான வழி அல்ல. அடிக்கட்டை கையில் இருக்கும்.

## சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பது

கொடுக்க வேண்டியவர் மாதச் சம்பளக்காரராக இருந்து கட்டளையை மீறினால், சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பும்படி தொழில் தருநருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆசிரியர், அரச அலுவலர், வங்கி ஊழியர் என்றால் தாய்க்கு இதைவிட உறுதியான வழி இல்லை.

கொடுப்பவருக்கோ இதில் மறைந்த செலவு மானம்தான். கணக்குப் பகுதிக்குத் தெரிந்தது அன்றைக்கு மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், சம்பளக் கணக்கில் நிலையான கட்டளை வைத்தால் அதே உறுதியை அமைதியாகத் தரலாம். கடை நடத்துபவர், ஓட்டோ ஓடுபவர், கூலி வேலை செய்பவர் என்றால் இந்த வழிக்கு இடமே இல்லை.

## செலவை நேரடியாக ஏற்றுக்கொள்வது

"காசைக் கையில் கொடுத்தால் அவ எதுக்குச் செலவழிப்பாவோ தெரியாது. ரியூசன் காசும் சைக்கிளும் உடுப்பும் நானே பார்க்கிறன்." இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ரியூசன் சின்னச் செலவல்ல. அரச பாடசாலையில் படிப்பும் பாடநூலும் இலவசம் என்றாலும், புலமைப்பரிசில் வகுப்பில் தொடங்கி ஓஎல், ஏஎல் வரை மாலையும் வார இறுதியும் வகுப்புகளில்தான் போகிறது. அதை அப்பா நேரே கட்டுவது பிள்ளைக்கு உண்மையான உதவி. ஆனால் நீதிமன்றம் சொன்ன தொகைக்குள் அது கழியும் என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. கட்டளை மாதம் இருபதினாயிரம் என்று சொன்னால் இருபதினாயிரம்தான் நிலுவையாக ஏறும். நீங்கள் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அன்பளிப்பாகத்தான் பார்க்கப்படும்.

அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் எந்தப் பள்ளிக்கூடமும் பற்றுச்சீட்டு தராது. அவையும் பிள்ளையின் செலவுதான். தாய் எதற்குச் செலவழிக்கிறார் என்ற சந்தேகம் உங்களுக்கு நியாயமாகவே இருந்தால், கட்டளையை இரண்டாகப் பிரித்து எழுதும்படி கேட்கலாம்: இவ்வளவு தாயின் கணக்குக்கு, வகுப்புக் கட்டணம் நேரடியாக அப்பாவால். இரண்டு சட்டத்தரணிகளும் உடன்பட்டு நீதிமன்றத்தில் பதிந்தால் அது நல்ல ஏற்பாடு. வாய்ப்பேச்சில் செய்தால் நிலுவை வழக்குத்தான் வரும்.

## ஒரேயடியாக மொத்தத் தொகை

வெளிநாடு போகப் புறப்படுகிறவர்களும் மறுமணம் செய்யப்போகிறவர்களும் விரும்புகிற வழி இது. தாயின் வீட்டாரும் சில வேளை விரும்புவார்கள், "இனி அவன்ரை முகத்தில முழிக்கத் தேவையில்லை" என்று. நிலையான வைப்பில் போட்டு வட்டியில் பிள்ளையை வளர்க்கலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு 2022இல் என்ன ஆனது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. சில மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். 2019இல் பத்து வருடத்துக்கென்று வாங்கிய தொகை, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்திலேயே பாதியாகச் சுருங்கியது. மாதக் கட்டளை வைத்திருந்த தாய் நீதிமன்றம் போய், சூழ்நிலை மாறிவிட்டது, தொகையைக் கூட்டுங்கள் என்று கேட்க முடிந்தது. மொத்தமாக வாங்கியவர் அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து வழக்காடித்தான் எழுப்ப வேண்டும்.

கொடுப்பவரும் இதை முழு விடுதலை என்று எண்ண வேண்டாம். தாபரிப்பு பிள்ளையின் உரிமை. பெற்றோர் இருவரும் கையொப்பம் வைத்து அதை விற்றுவிட முடியாது. பிள்ளைக்கு இல்லாமல் போனால் வழக்கு மறுபடி வரலாம்.

இங்கே சீதனக் கதையும் சொல்ல வேண்டும். "சீதனக் காணியைத் திருப்பி எழுதிக் கொடுத்திட்டன், இனி என்ன தாபரிப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் கீழ் சீதனம் பெண்ணின் சொத்து. அவருடையதை அவருக்குக் கொடுத்ததால் பிள்ளையின் பங்கு தீராது. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதவே வேண்டாம்.

மொத்தத் தொகை பொருந்துவது எங்கே? பிள்ளைக்கு 16, 17 வயதாகி, இன்னும் சில வருடம்தான் என்றால் பொருந்தலாம். அல்லது வீடு, காணி போல விலை ஏறக்கூடிய ஒன்றைப் பிள்ளையின் பெயருக்கு எழுதி, மாதத் தொகையும் சிறிதாகத் தொடர்ந்தால் பொருந்தலாம்.

## வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவருக்கு

இங்கே போட்டி வங்கிக்கும் உண்டியலுக்கும்தான். உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்புகிற முறை. உண்டியலில் காசு அன்றைக்கே வீட்டு வாசலுக்கு வரும். 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாயில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது உண்டியலில் அதைவிட நல்ல விலையும் கிடைத்தது. தாபரிப்புக்கு அது உதவாது. உங்கள் பெயரும் திகதியும் மாதமும் உள்ள எந்தப் பதிவும் அதில் இல்லை. உரிமம் இல்லாத பணமாற்றம் என்பதால் நீதிமன்றத்தில் சான்றாகச் சொல்லவும் வாய் வராது. வங்கி அல்லது வெஸ்டர்ன் யூனியன் போன்ற பதிவுள்ள வழியில் அனுப்புங்கள். கட்டணம் ஒவ்வொரு முறையும் அறவிடுவதால் மூன்று மாதத்தைச் சேர்த்து அனுப்ப மனம் வரும். சேர்த்து அனுப்புவதானால் முன்கூட்டி அனுப்புங்கள், பிந்தி அனுப்ப வேண்டாம்.

ரூபாயில் எழுதிய கட்டளையில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. ரூபாய் விழுந்தபோது லண்டனில் இருந்தவருக்குப் பவுணில் பாரம் குறைந்தது, இங்கே பிள்ளையின் செலவு கூடியது. மனச்சாட்சியுள்ளவர் கட்டளை மாறும்வரை காத்திருக்காமல் தானாகவே கூட்டி அனுப்பலாம். அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் கட்டாமல் விட்டால் தாய்க்கு வழியே இல்லை என்பது சரியல்ல. பிரித்தானியாவோடு இலங்கைக்குக் குடியேற்ற காலத்திலிருந்தே தாபரிப்புக் கட்டளைகளை இரு பக்கமும் பதிந்து நிறைவேற்றும் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டிலுள்ளவரிடம் தாபரிப்பு அறவிடுவது பற்றிய 1956ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது, பிரான்சும் சுவிற்சர்லாந்தும் ஜேர்மனியும் இருக்கின்றன. கனடா அதில் இல்லை, அங்கே மாகாணச் சட்டப்படிதான் பார்க்க வேண்டும். காலம் எடுக்கும், பொறுமை வேண்டும். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் தொடங்கலாம்.

## சரி, யாருக்கு எது?

இருவருக்கும் இடையில் பேச்சு இருக்கிறது, கொடுப்பவருக்கு ஒழுங்கான வருமானம் உண்டு என்றால் தனிக் கணக்கும் நிலையான கட்டளையும். பேச்சில்லை, ஏமாற்று நடந்திருக்கிறது என்றால் நீதிமன்றம். அரச உத்தியோகத்தர் கட்டளையை மீறுகிறார் என்றால் தாய் சம்பளப் பிடிப்பைக் கேட்கட்டும். நாட்கூலிக்காரர் கிழமைக்கு ஒரு பகுதியாக வங்கியில் போடலாம், மாதக் கடைசியில் மொத்தம் சரியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். தாய்க்கு வன்முறைப் பயம் இருந்தால், எவ்வளவு வசதியானாலும் நேரில் சந்திக்கிற எந்த வழியும் வேண்டாம்.

எந்த வழியானாலும் இரண்டு விடயத்தைக் கலக்க வேண்டாம். பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்துவதும், காசு வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் விடுவதும். பார்க்கும் உரிமைக்கு வேறு விண்ணப்பம் இருக்கிறது. இரண்டு சண்டையிலும் அடிபடுவது ஒரே பிள்ளை.

வேலை போய்விட்டது, வருத்தம் வந்துவிட்டது, கொடுக்க முடியவில்லை என்றால் ஒளித்திருக்காதீர்கள். சூழ்நிலை மாறினால் கட்டளையை மாற்றச் சட்டத்தில் இடமுண்டு. நிலுவை ஏறுவதற்கு முன்னர் போய்க் கேட்பவருக்கும் பிடியாணையில் வந்து நின்று கேட்பவருக்கும் நிறைய வித்தியாசம்.

இப்போது கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறவர் மாற நினைத்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதுவரை கொடுத்ததை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். தாயின் கணக்கு இலக்கத்தை எழுத்தில் பெறுங்கள். அடுத்த வழக்குத் தவணையில் உங்கள் சட்டத்தரணி மூலம், இனிக் காசு இந்தக் கணக்கில் வைப்பிலிடப்படும் என்று வழக்கேட்டில் பதியச் செய்யுங்கள். பதிவாகும்வரை பழைய முறையில் கொடுப்பதை ஒரு மாதமும் விடாதீர்கள்.